கள்ளப்போதகர் எங்கிருந்து வருகின்றனர்? யாழ்ப்பாணத்துக் கண்டன இலக்கியம் பற்றிய ஒரு மறுநோக்கு

19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தின் தமிழ் உரைநடை வளர்ச்சியை ஆராய்வோர் கண்டன இலக்கியத்தைப் புறக்கணித்தல் இயலாது. மிஷனரிமாரும் சைவ அறிஞரும் ஒருவரை ஒருவர் மறுத்து எழுதிய துண்டுப்பிரசுரங்களும் நூல்களும் தருக்க ஒழுங்கும் தெளிவும் வாய்ந்த ஓர் உரைநடையைத் தமிழுக்கு ஈந்தன என்பது இன்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிபாகும். அம்முடிபை மீட்டுரைப்பது எமது நோக்கமன்று. இவ்வெழுத்தின் கிறிஸ்தவப் பகுதி, விசுவாசத்தில் மக்களை வளர்ப்பதும் பிழையான போதனையிலிருந்து அவர்களைக் காப்பதுமே தன் பணியெனக் கருதியது. அப்பணியை அது நிறைவேற்றியதா என்பதே நாம் எழுப்பும் வினா.

இவ்வினாவுக்குரிய அளவுகோலைப் புறத்திலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. பேதுருவின் இரண்டாம் நிருபம் தன் இறுதி வசனங்களில் எச்சரிக்கையையும் வளர்ச்சியையும் ஒருங்கே வைக்கிறது. வஞ்சகத்தால் இழுப்புண்டு போகாதிருத்தலும் கிருபையில் வளர்தலும் அங்கே ஒரே செயலின் இரு கூறுகள். அந்நிருபம் கூறும் கள்ளப்போதகர் புறச்சமயத்தவர் அல்லர். அவர்கள் சபைக்குள்ளேயே தோன்றுபவர், பொருளாசையினால் உந்தப்படுபவர். எபேசுவின் மூப்பர்களிடம் விடைபெறும் பவுலும், உங்களுக்குள்ளிருந்தே அத்தகையோர் எழும்புவர் என்ற பொருள்படவே பேசுகிறார். ஆகவே புதிய ஏற்பாட்டின் விழிப்புணர்வு முதன்மையாக உள்நோக்கியது. யாழ்ப்பாணத்துக் கண்டன இலக்கியத்தில் இந்நோக்கின் திசை மாறியது என்பதே எமது வாதம்.

வடமராட்சியின் துறைமுகப் பட்டினமான பருத்தித்துறை இதனை நோக்குவதற்கு ஏற்ற களமாகும். 1814இல் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மிஷன் யாழ்ப்பாண நகரோடு பருத்தித்துறையையும் தன் பணிக்களமாகக் கொண்டது. 1838இல் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் இங்கு தாபித்த பாடசாலையே பின்னர் ஹாட்லிக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. மெதடிஸ்த நிறுவனங்கள், கரையோரக் கத்தோலிக்க ஆலயங்கள், புலோலியின் சைவப் புலமை மரபு, வல்லிபுர ஆழ்வார் கோயில் ஆகிய யாவும் சில மைல்களுக்குள் அமைந்த சூழலில், பிறர் போதனை என்பது எவருக்கும் தொலைவிலுள்ள பொருளாக இருக்கவில்லை. அது அயல் வீட்டில் இருந்தது.

கண்டனம் முதலில் கிறிஸ்தவர்களிடையேதான் நிகழ்ந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது. கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்த ஒல்லாந்தர் காலத்தில், சீர்திருத்த சபையைச் சேர்ந்த பிலிப்பு தெ மெல்லோ கத்தோலிக்கரை மறுத்துச் 'சத்தியத்தின் செயம்' என்னும் நூலை எழுதினார். ஆள்வோரின் சட்டம் ஒரு தரப்பினரின் வாயைக் கட்டியிருந்த வேளையில் மறுதரப்பினர் சத்தியத்தின் வெற்றியைப் பறைசாற்றினர். அதிகாரத்தின் நிழலில் பெறப்படும் இத்தகைய வெற்றி விசுவாசத்தின் வளர்ச்சிக்குச் சான்றாகாது. பின்வந்த பிரித்தானியர் காலத்து மிஷனரி எழுத்துக்கும் இக்குறைபாடு வேறு வடிவில் தொடர்ந்தது. பாடசாலையும் ஆங்கிலமும் உத்தியோகமும் மிஷனின் வாயிலாகக் கிடைத்த காலத்தில், ஒருவன் எதனை நம்பிச் சபைக்குள் வந்தான் என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. 1823இல் தொடங்கப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியை அமெரிக்க மிஷன் 1855இல் மூடியமைக்கு இவ்வையமும் ஒரு காரணமாயிற்று.

பேர்சிவலுக்கும் ஆறுமுக நாவலருக்கும் இருந்த தொடர்பு எமது வாதத்தை மேலும் தெளிவாக்கும். பேர்சிவலின் மாணவராகவும் பின்னர் அவருடைய பாடசாலையின் தமிழ்ப் பண்டிதராகவும் விளங்கிய நாவலர், வேதாகம மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்றார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. 1854இல் நாவலர் 'சைவ தூஷண பரிகார'த்தை வெளியிட்டார். சைவக் கிரியைகளைப் பழித்தோருக்கு அவர் அளித்த விடை பெரும்பாலும் விவிலியத்திலிருந்தே எடுக்கப்பட்டது. பலி, தூபம், தீபம், புனிதத் தலம், தீட்டு ஆகியவை பழைய ஏற்பாட்டில் விதிக்கப்பட்டிருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, உமது வேதத்திலுள்ளதை எமது கோயிலில் கண்டு நகைப்பது எங்ஙனம் என அவர் வினவினார். நாவலரின் நோக்கம் சமயப் பாதுகாப்பே. வருணாசிரம ஒழுங்கையும் அவர் அதனோடு சேர்த்தே பாதுகாத்தார் என்பதை நாம் மறப்பதற்கில்லை. ஆயினும் அன்றைய யாழ்ப்பாணத்தில் விவிலியத்தை மிக நுணுக்கமாக வாசித்தவர்களுள் ஒருவர் அதன் எதிராளியாக இருந்தார் என்பது கிறிஸ்தவ சபைகள் ஆழ்ந்து சிந்தித்திருக்க வேண்டிய செய்தியாகும்.

சபைகளோ மறுப்புக்கு மறுப்பையே நாடின. நாவலரின் நூலுக்கு எதிராகச் 'சுப்பிரதீபம்' எழுதியவர் செமினரியில் கற்ற கறோல் விசுவநாதபிள்ளை. கிறிஸ்தவத்துக்காக வாதிட்ட அவரே பிற்காலத்தில் சைவத்துக்கு மீண்டார். இதனைத் தனிமனிதரின் தடுமாற்றமாகக் கொள்வது மேலோட்டமான நோக்காகும். பிறரின் பிழையை நிறுவும் ஆற்றலை அவருடைய கல்வி அவருக்குத் தந்தது. அவ்வாற்றலுக்கும் விசுவாசத்தில் வேரூன்றுதலுக்கும் இடையே கட்டாயத் தொடர்பு எதுவும் இல்லை. எதிரியை இழந்தவிடத்துத் தன் பொருளையும் இழந்துவிடும் நம்பிக்கை வளர்ந்த நம்பிக்கையன்று.

கண்டனம் ஒரு மனப்பழக்கமாகிவிடின் அது புதிய எதிரிகளைத் தேடும். சைவர் பக்கத்திலும் இதுவே நிகழ்ந்தது. இராமலிங்க சுவாமிகளின் பாடல்களை அருட்பா எனல் தகாது என நாவலர் தொடங்கிய விவாதத்தைப் பருத்தித்துறைப் புலோலியைச் சேர்ந்த நா. கதிரைவேற்பிள்ளை சென்னையில் தொடர்ந்தார். 1904இல் அது நீதிமன்றம் வரை சென்றது. மிஷனரிமாருக்கு எதிராகத் தீட்டப்பட்ட கருவி அரை நூற்றாண்டுக்குள் சைவ அடியார் ஒருவரின் பாடல்மீதே திரும்பியமை இரு சமயத்தாருக்கும் பொதுவான படிப்பினையாகும்.

இவ்வளவு விழிப்போடிருந்த கிறிஸ்தவ சபைகள் எதனைக் காணத் தவறின? யாக்கோபின் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. பொன்மோதிரம் அணிந்து வருபவனுக்கு நல்ல ஆசனமும் கந்தையோடு வரும் ஏழைக்குக் காலடியில் இடமும் அளிக்கும் சபையை அந்நிருபம் கடிந்துகொள்கிறது. யாழ்ப்பாணத்தில் இது உவமையாக இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகள் நிலத்திலோ வேறிடத்திலோ இருத்தப்படும் வழக்கம் கிறிஸ்தவப் பாடசாலைகளுக்கும் புறம்பானதன்று. உதவி பெறும் பாடசாலைகளில் சமஆசனம் அளிக்கப்படல் வேண்டும் என்ற நிலை 1929இல் அரசாங்கத்தின் பணிப்பினாலேயே உறுதியாயிற்று. அதனை எதிர்த்தோரால் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. மிஷன் பாடசாலைகளே ஒடுக்கப்பட்டோருக்கு எழுத்தறிவின் கதவை முதலில் திறந்தன என்பதையும், சமத்துவத்துக்காகப் போராடிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் முன்னோடியான ஹன்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவர் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் திருநீற்றையும் தேர்த்திருவிழாவையும் பற்றி நூறு துண்டுப்பிரசுரங்களை எழுதக்கூடியதாயிருந்த சபைகள், தம் வாங்குகளின் ஒழுங்கைப் பிழையான போதனை எனப் பெயரிட்டு அதே வேகத்தோடு கண்டிக்கவில்லை. பிறப்பினால் ஒருவன் தாழ்ந்தவன் என்பதை வாயினால் போதிக்காது இருக்கையினால் போதித்தாலும் அது போதனையே. கள்ளப்போதனை கோயில் வீதியில் தேடப்பட்டது. அது சபை மண்டபத்தில் அமர்ந்திருந்தது.

இவ்வுண்மையை இறையியலாளர் கூறுமுன் படைப்பாளி கூறினார். மதமாற்றத்தின்வழி சாதிக்கொடுமையிலிருந்து விடுதலை தேடியோரின் அநுபவத்தைப் பொருளாகக் கொண்ட கே. டானியலின் நாவல் 'கானல்' எனப் பெயர் பெற்றது. அத்தலைப்பே ஒரு தீர்ப்பு. ஆனால் அத்தீர்ப்பு விசுவாசத்தின்மீது கூறப்பட்டதன்று, அது வளராது நின்ற நிலையின்மீது கூறப்பட்டது என நாம் கொள்கின்றோம். தண்ணீரை நம்பி வந்தவனின் தாகம் பொய்யன்று.

திசை மாறியதற்கான அறிகுறிகளும் இல்லாமலில்லை. தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண முதற் பேராயரான சபாபதி குலேந்திரன் 1964இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் கிருபை என்னும் கோட்பாட்டைக் கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் ஒப்பிட்டு ஆராய்கிறது. சைவ சித்தாந்தத்தின் அருட்கோட்பாட்டை அதன் உயர்ந்த வடிவில் எடுத்து நோக்கும் அவர், வேறுபாட்டை மறைக்கவுமில்லை, ஏளனத்தால் நிறுவவுமில்லை. ஒருவன் தன் நம்பிக்கையில் வளர்ந்திருந்தாலன்றிப் பிறன் நம்பிக்கையை இவ்வாறு நிதானமாக வாசித்தல் இயலாது. எனினும் அருளைப் பற்றிய ஒப்பீடு ஆசனத்தைப் பற்றிய வினாவைத் தானாகத் தீர்த்துவிடாது. இங்கு இன்னும் செய்யவேண்டிய பணி உண்டு.

இவ்வினா பழங்கதையாகிவிடவில்லை. 2009இல் போர் முடிந்தபின் வடக்கில் புதிய சபைகள் பல தோன்றியுள்ளன. குணமளித்தலையும் பொருள் ஆசீர்வாதத்தையும் முதன்மைப்படுத்தும் போதனைகள் குறித்துப் பழைய சபைகள் எச்சரிக்கின்றன. சைவ அமைப்புகளும் தம் பங்குக்கு எதிர்ப்புத் தெரிவிக்கின்றன. துயருற்றோரின் இழப்பை முதலாக்கும் போதனை கண்டிக்கத்தக்கதே. பேதுருவின் நிருபம் பொருளாசையைக் கள்ளப்போதகரின் அடையாளமாகக் கூறுவது இங்கு பொருந்தும். ஆனால் கணவனையோ பிள்ளையையோ இழந்த ஒரு பெண் பழைய ஆலயத்தின் எந்த வாங்கில் இடம் கிடைக்காமையால் புதிய சபையின் பாயைத் தேடிச் சென்றாள் என்ற வினாவைக் கேளாத எச்சரிக்கை, 19ஆம் நூற்றாண்டின் துண்டுப்பிரசுரத்தை மறுபதிப்புச் செய்வதாகவே முடியும்.

கண்டன இலக்கியம் எமக்கு நல்ல உரைநடையைத் தந்தது. அவ்வுரைநடையைக் கொண்டு எம்மையே ஆராய்ந்து எழுதும் பொறுப்பு எமது தலைமுறைக்கு உரியது.