அவள் எழுதிய பாதி

முதல் உலகப் போர்க் கடிதங்களை ஆராய்பவர்களுக்குக் கணவன் எழுதியவை கிடைக்கின்றன; மனைவி எழுதியவை அரிதாகவே கிடைக்கின்றன. அவன் கடிதங்கள் வீட்டுப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. அவள் கடிதங்கள் பதுங்குகுழியின் சேற்றில் ஊறிப்போயின. இதனால் இந்தத் துறையே நெடுங்காலம் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது.

1975இல் வெளிவந்த பால் ஃபசலின் நூல், பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குத் தரப்பட்ட போர்க்கள அஞ்சலட்டையைக் கவனப்படுத்தியது. நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறேன் என்பன போன்ற வரிகள் அதில் அச்சாகியிருக்கும். பொருந்தாதவற்றை அடித்துவிட்டுத் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் அட்டை அழிக்கப்படும். பின்னாளைய அரசுப் படிவங்களுக்கெல்லாம் முன்னோடியை ஃபசல் அதில் கண்டார். அதைக் கையில் வாங்கிய மனைவிக்கோ அந்தக் கையெழுத்துதான் கடிதம்.

1914 செப்டம்பர் இறுதியில் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கத் தொடங்கிய இந்தியப் படையினரின் கதை இன்னும் சிக்கலானது. பலருக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். ஹோவெல் என்ற அதிகாரியின் கீழ் இயங்கிய தணிக்கைக் குழு அஞ்சலைப் படித்து, சில பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டது. ஊரிலோ, யாராவது வாசித்துக் காட்டினால்தான் பல மனைவியருக்கு விஷயம் தெரியும். தணிக்கைக்குத் தப்ப, சிப்பாய்கள் இந்தியரைக் கருமிளகு என்றும் வெள்ளையரைச் சிவப்பு மிளகு என்றும் எழுதினார்கள். மூலக் கடிதங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. அந்த ஆங்கிலப் பகுதிகளே பிரிட்டிஷ் நூலகத்தில் எஞ்சியிருக்கின்றன. டேவிட் ஒமிசி அவற்றிலிருந்து 1999இல் தொகுத்த நூலே அடுத்து வந்த ஆய்வுகளுக்கு அடித்தளம். 2018இல் சாந்தனு தாஸ் கடிதங்களோடு பாடல்களையும் பொருள்களையும் ஒலிகளையும் சேர்த்து வாசித்தார். எழுதாத பெண்களின் குரலைத் தேட அது ஒரு வழி.

மனைவி எழுதிய பாதியும் கிடைத்தால் என்ன தெரியும்? மார்த்தா ஹன்னாவின் 2006ஆம் ஆண்டு நூல் விடை சொல்கிறது. பிரான்சின் தோர்தோன் பகுதி விவசாயத் தம்பதியான பால், மரீ பிரோ இருவரின் கடிதங்களும் தப்பிப் பிழைத்தன. வெர்டன் போர் நடந்த 1916இல் அவர்களுக்குக் குழந்தை பிறக்கிறது. பிரசவம், குழந்தையின் உடல்நிலை, வயல், அறுவடை என்று கடிதங்கள் நீள்கின்றன. அவற்றில் குடும்பக் கணக்கும் காதலும் வேறுவேறல்ல.

இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களுக்குத் திரும்பும்போது இது நமக்கு உதவுகிறது. நிலம், கடன், மாடு என்றே பேசும் கடிதத்தில் அன்பு இல்லை என்று முடிவுகட்டுவது தவறு. எழுதிக்கொடுப்பவர் முன்னால் ஒருவன் மனைவியிடம் வேறு என்ன சொல்ல முடியும்? தணிக்கை அதிகாரி எதைத் தேர்ந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. இனி நாம் செய்ய வேண்டியது, அவன் பதிலிலிருந்து அவள் கேள்வியை மீட்பது. கடன் அடைந்ததா என்று அவன் விசாரித்தால், கடன்காரன் வாசலில் வந்து நின்றதை அவள் முன்பே எழுதியிருக்கக்கூடும்.