தன்னுரிமையும் சந்தையும்: சுவீடனின் ‘த நைஃப்’ இசைக்குழு பற்றிய ஒரு நோக்கு

ஓர் ஆக்கம் தனது காலத்து உற்பத்தி உறவுகள் பற்றி யாது கருதுகின்றது என வினவுவதற்கு முன்னர், அவ்வுறவுகளுக்குள் அது எங்கே நிற்கின்றது என வினவவேண்டும் என்பது 1934 இல் வால்ரர் பெஞ்சமின் முன்வைத்த கருத்தாகும். இலக்கியத்தை மனங்கொண்டு கூறப்பட்ட இக்கருத்து, இசைத்தட்டும் விளம்பரமும் மேடையும் ஒன்றோடொன்று பிணைந்துள்ள வெகுசன இசைக்கே கூடுதலாகப் பொருந்தும். எனினும், முற்போக்கான பாடற்பொருளைக் கண்டதும் பாராட்டி அமைந்துவிடும் பழக்கம் விமரிசகரிடையே இன்னும் நீங்கியபாடில்லை. இசைத்தட்டினை வெளியிட்டோர் யாவர், அதன் இலாபம் எவரைச் சேர்ந்தது என்பன கலைக்குப் புறம்பான கணக்கு விவகாரங்களாகவே கொள்ளப்படுகின்றன. ‘த நைஃப்’ (கத்தி) என்னும் சுவீடிய இசைக்குழுவின் வரலாறு இக்கணிப்பை மறுபரிசீலனை செய்யத் தூண்டுவது.

கரின் டிரேயர், ஒலோவ் டிரேயர் என்னும் உடன்பிறந்தார் இருவர் 1999 இல் இக்குழுவை அமைத்தனர். மின்னணு இசைக்கருவிகளும், இயந்திரத்தினூடாக உருமாற்றப்பட்ட குரலுமே அவர்களது இசையின் அடித்தளம். பெருங்கம்பனிகளை நாடாது, ‘ரபிட் ரெக்கோட்ஸ்’ என்னும் தமது சொந்த வெளியீட்டகத்தின் மூலம் 2001 இல் முதலாவது தொகுதியையும், 2003 இல் ‘டீப் கட்ஸ்’ என்னும் தொகுதியையும் வெளியிட்டனர். பின்னையதை அடுத்து, சுவீடனின் ‘கிராமிஸ்’ விருது கிடைத்தபோது அவர்கள் விழாவுக்குச் செல்லவில்லை. இசைத்துறையில் நிலவும் ஆணாதிக்கத்தைக் கண்டிக்குமுகமாகக் கொரில்லா வேடம் புனைந்த பிரதிநிதிகளை அனுப்பிவைத்தனர்.

இத்தகைய துணிவினைத் தனிமனித ஆளுமையின் வெளிப்பாடாக மட்டும் காண்பது வரலாற்றுணர்வற்ற பார்வையாகும். நகரசபைகள் நடத்தும் இசைப் பள்ளிகள், பொதுப்பணத்தின் உதவியுடன் இளைஞருக்குப் பயிற்சியிடம் வழங்கும் கல்விச் சங்கங்கள் ஆகியன சுவீடனிலே நெடுங்காலமாக இயங்கிவருகின்றன. தொழிலாளர் கல்விச் சங்கம் அங்கு 1912 இலேயே தோன்றிவிட்டது. 1970களில் எழுந்த ‘புரொக்’ இசையியக்கத்தினர் வணிகக் கம்பனிகளுக்கு மாற்றாக வெளியீட்டகங்களை வளர்த்ததோடு, 1975 இல் யூரோவிஷன் போட்டி ஸ்டொக்ஹோமில் நடைபெற்றபோது அதற்கெதிராக மாற்று விழாவொன்றினையும் நடத்தினர். ‘தானே வெளியிடுதல்’ என்பது அங்கு ஓரிருவர் கண்டுபிடித்த உத்தியன்று. உழைக்கும் மக்கள் இயக்கமும் அரசின் நலன்பேண் கொள்கையும் உருவாக்கிய நிலத்தில் முளைத்த பயிர்.

ஆயினும் பயிருக்கு நீர் வேறொரு வாய்க்காலிலிருந்து வந்தது என்பதே இவ்வரலாற்றின் சங்கடமான பகுதி. ‘ஹார்ட்பீட்ஸ்’ என்னும் அவர்களது பாடலை ஹொசே கொன்சாலஸ் என்னும் சுவீடியப் பாடகர் கிற்றார் இசையுடன் மீளப் பாடியிருந்தார். சன் பிரான்சிஸ்கோ நகரத்து மலைச்சரிவு வீதிகளில் ஏறத்தாழ 250,000 வண்ணப் பந்துகள் துள்ளியோடும் சோனி நிறுவனத்தின் தொலைக்காட்சிப்பெட்டி விளம்பரத்தில் அது 2005 இல் இடம்பெற்றது. குரல் பிறருடையதாயினும் பாடலின் ஆக்கவுரிமை இவ்விருவரையும் சார்ந்தது. அவர்களது இசைவின்றி விளம்பரம் வெளிவந்திருக்க முடியாது. விளம்பரங்களுக்குப் பாடல் வழங்குவதை விரும்பாத அவர்கள், தமது வெளியீட்டகத்துக்குப் பணம் வேண்டியிருந்தமையால் இதற்கு இணங்கினர். பன்னாட்டு மூலதனத்தின் பணமே மூலதனத்திலிருந்து விலகிநிற்கும் வசதியை வாங்கித் தந்தது. இதனைச் சோரம் என்று தூற்றுவது எளிது. உரிமையைத் தம் கையில் வைத்திருந்தமையாலேயே எதனை விற்பது, எதனை விற்காமல் விடுவது எனத் தீர்மானிக்க அவர்களால் முடிந்தது என்பதும் உண்மையே.

2006 இல் வெளிவந்த ‘சைலன்ற் ஷவுற்’ குழுவின் புகழை நாடு கடந்து பரப்பியது. அதுவரை மேடையைப் பெரிதும் தவிர்த்துவந்தோர் அவ்வாண்டிலேதான் முகமூடியணிந்து இசைப்பயணம் மேற்கொண்டனர். எனினும் ஐக்கிய அமெரிக்காவில் அத்தொகுதியை வெளியிட்டது ‘மியூட்’ நிறுவனம். அதுவோ 2002 முதல் ஈ.எம்.ஐ. என்னும் பெருங்கம்பனிக்குச் சொந்தமாயிருந்தது. தன்னுரிமை நாட்டின் எல்லையோடு நின்றுவிட, எல்லைக்கு அப்பால் விநியோகச் சங்கிலியே ஆட்சி செலுத்தியது. சுயாதீனக் கலைஞர் என்னும் தொடரைக் கையாள்வோர் உற்பத்தியை மட்டும் நோக்கி விநியோகத்தை மறந்துவிடுகின்றனர்.

2013 இல் வெளிவந்த ‘ஷேக்கிங் த ஹபிச்சுவல்’ ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் நீள்வது. அதன் தலைப்பு பூக்கோவின் கூற்றொன்றிலிருந்து பிறந்தது. அதனுடன் லிவ் ஸ்ரோம்குவிஸ்ற் வரைந்த சித்திரக்கதையும் வெளிவந்தது. வறுமையைப் பிரச்சினையாக்கி வறியவரை ஆராய்வதுபோல, மிகைச் செல்வத்தைப் பிரச்சினையாக்கிச் செல்வரை ஆராயும் அங்கதம் அது. என் கருத்தில் பாடல்கள் பலவற்றினும் கூர்மையானது. 19 நிமிடங்கள் வரை நீளும் முழக்கமொன்றினைத் தொகுதியின் நடுவே வைத்தமை செவிக்குச் சோதனைதான். பண்டமாகிவிட்ட இசையின் இலகு நுகர்ச்சியை மறிக்கும் நோக்குடையதெனினும், கோட்பாடு இசையை விஞ்சிவிட்ட இடமாகவே அது எனக்குப் படுகின்றது.

மேடையில் நிகழ்ந்தது இதனினும் முக்கியமானது. 2013, 2014 ஆம் ஆண்டுகளின் இசைப்பயணத்தில் இருவரும் நடனக் குழுவினருள் கலந்து நின்றனர். எவர் பாடுகின்றார், எவர் வாசிக்கின்றார் என்பது தெளிவாகவில்லை. ஒலியிற் பெரும்பகுதி முன்னரே பதியப்பட்டது. நுழைவுச்சீட்டு வாங்கியோர் சிலர் ஏமாற்றமெனக் கொதித்தனர். ‘நட்சத்திர’ வழிபாட்டைக் குலைப்பதே நோக்கம் என்ற வகையில் அது வெற்றியே. ஆனால் அம்முறையீட்டை அறியாமை என்று ஒதுக்கிவிடவும் இயலாது. உழைப்பைக் கண்ணாற் காணவேண்டும் என்னும் விருப்பம் உழைப்பை மதிக்கும் ஒருவருடையதாகவும் இருக்கலாம். அதற்கு அந்நிகழ்ச்சி விடை கூறவில்லை.

2014 நவம்பரில், ஐஸ்லாந்தின் தலைநகரில் இறுதி நிகழ்ச்சியை நடத்திவிட்டுக் குழுவைக் கலைத்தனர். பெருங்கம்பனியின் ஒப்பந்தத்துள் அகப்பட்டோர் அடுத்த தொகுதிகளுக்கும் முன்கூட்டியே கடன்பட்டவராவர். தொடரவேண்டிய கட்டாயம் எதுவும் தமக்கில்லை என்றே கரின் அப்பொழுது காரணங் கூறினார்.