சன்னது பெற்றதோடு சரியா?

2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று இந்நாட்டின் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் ஒருசேர மாறின. 1860இல் பிறந்து, 511 பிரிவுகளோடு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆட்சி செலுத்திய தண்டனைச் சட்டம் போயிற்று. 358 பிரிவுகளோடு பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கொலைக்குரிய 302, 103 ஆயிற்று. எத்தனுக்கு வசைப்பெயராகவே வழங்கிவந்த 420, 318க்குள் அடங்கிற்று. நடைமுறைச் சட்டமும் சான்றுச் சட்டமும் அவ்வாறே மாறின. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம். பின் நிகழ்ந்ததற்குப் புதியது. சட்டம் மாறிற்று; சட்டம் பேசுவோர் கற்றனரா? இதுவே நமது கேள்வி.

எண் மாறியதை ஏட்டைப் புரட்டி அறிந்துகொள்ளலாம். உள்ளே இருக்கும் உரிமை மாறியிருந்தால்? திருட்டுக்கு உச்சத் தண்டனை 3 ஆண்டு. விசாரணைக் கைதி அதில் பாதியை, அதாவது 18 திங்களைச் சிறையில் கழித்திருந்தால் பிணை உண்டு என்றது பழைய நடைமுறைச் சட்டம். முன்பு தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கே போதும் என்கிறது புதிய சட்டத்தின் 479ஆம் பிரிவு. தூக்குக்கோ வாழ்நாள் சிறைக்கோ உரிய குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளோருக்கும் இச்சலுகை இல்லை. பழைய வழக்குகளின் கைதிகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கிற்று. ஆக, 12 திங்களில் வெளிவர வேண்டியவர் 18 திங்கள் உள்ளே இருந்தால், இடையிலுள்ள ஆறு திங்கள் யார் கணக்கு? படிக்காதவர் வழக்கறிஞர், கம்பி எண்ணுபவர் கட்சிக்காரர்! சிறைக் கண்காணிப்பாளரே விண்ணப்பிக்க வேண்டுமென்று சட்டம் கூறுகிறதே என்பர் சிலர். அவர் மறந்தால் நினைவூட்ட வேண்டியவர் யார் என்று கேட்கிறோம்.

நீதிபதிகளுக்குப் போபாலில் தேசியக் கழகம் உண்டு. மாநிலங்களிலும் பயிலகங்கள் உண்டு. மருத்துவர் 5 ஆண்டுக்கு 30 மணி நேரமேனும் தொடர்கல்வி பெறவேண்டும் என்று 2002ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. வழக்கறிஞருக்கு? கருத்தரங்குகள் நடத்துவதைப் பார் கவுன்சில்களின் பணிகளில் ஒன்றாக 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் கூறுகிறது. வழக்கறிஞர் தொடர்ந்து கற்றே தீரவேண்டும் என்று அது கூறவில்லை. 2010இல் வகுக்கப்பட்ட அகில இந்தியத் தேர்வு செல்லும் என்று 2023இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது; நன்று. ஆனால் அது வாயிற்படித் தேர்வு. ஒருமுறை தேறினால், பிறகு நாற்பது ஆண்டுக்குக் கேட்பாரில்லை!

"நீதிமன்றமே பள்ளி, அனுபவமே ஆசான்" என்று மூத்தோர் கூறுவர். அனுபவத்தை இகழ்வாரல்லர் நாம். ஆனால் அனுபவம் கற்பிப்பது நேற்றைய சட்டத்தை. மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் வேண்டுமா என்ற ஒரே கேள்விக்கு 2005இல் ஒன்று, 2014இல் அதற்கு மாறாக ஒன்று, 2018இல் ஒரு தளர்வு, 2020இல் மீண்டும் கண்டிப்பு என உச்சநீதிமன்றம் நான்கு முறை விடை கூறிற்று. 2005இல் பெற்ற அனுபவத்தை 2020இல் நம்பியவர் கதி என்ன? அந்த ஆசானுக்குக் கட்டணம் கட்டியவர் கட்சிக்காரரன்றோ?

எனினும், மணி எண்ணி உட்கார வைப்பதே கல்வி என்று நாம் கூறவில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் 1975இலேயே தொடர்கல்வியைக் கட்டாயமாக்கிற்று. ஆண்டுக்கு 16 மணி என்று அளந்த இங்கிலாந்தோ, 2016இல் அந்த அளவுகோலைக் கைவிட்டது. உமது பணிக்கு எது குறை, அதை எவ்வாறு நிரப்பினீர் என்று கேட்கத் தொடங்கிற்று. நம்மிடையே நடக்கும் கருத்தரங்குகள் பலவற்றிலோ வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, நன்றியுரை! இடையிலே சட்டத்துக்கு இடமெங்கே? இதனைக் கட்டாயமாக்கினால் பொன்னாடை வணிகந்தான் பெருகும்.

வழி நமக்குப் புதிதன்று. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862இல் சித்தாந்த சங்கிரகம் எனும் நூலாக வெளியிட்டார். ஆங்கிலம் அறியாதாரும் தீர்ப்பை அறியவேண்டும் என்ற அந்த நோக்கத்தைவிட உயர்ந்த பாடத்திட்டம் வேறெது?

ஆகவே கூறுகிறோம்: புதிய சட்டமும் புதிய தீர்ப்பும் ஒவ்வொரு வட்ட நீதிமன்றத்துக்கும் தமிழில் சென்று சேர்க. வருவாயற்ற ஜூனியர்களுக்குக் கட்டணமின்றிக் கற்பிக்கப்படுக. ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி வழங்கும் வழக்கறிஞர்களிடமிருந்து அப்பணி தொடங்குக. காசுள்ளவன் கற்றவரைத் தேடிப் போவான். காசற்றவனுக்குக் கிடைத்தவரே கதி. அவரும் கற்றவராய் இருந்தால்தான் சட்டத்தின் முன் சமம் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. சன்னது, கற்று முடித்ததற்குச் சான்றன்று. கற்றுக்கொண்டே இருப்பேன் என்று மக்களுக்கு எழுதித்தந்த கடன்பத்திரம். கடன் இன்னும் தீரவில்லை!