மரம் யாருடையது?

நல்ல கதை ஒன்றில் குறை காண்பது விரும்பத்தக்க பணியன்று. ஆயினும் அது நல்ல கதையாக இருப்பதனாலேயே பலர் அதை நம்புகின்றனர். நம்பியதைப் பிறருக்கு, சிறப்பாக ஏழைகளுக்கு, உபதேசமாகவும் வழங்கிவிடுகின்றனர். அத்தகைய கதையை உரைத்துப் பார்ப்பது திறனாய்வின் கடமையாகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ழியோனோ 1953ஆம் ஆண்டில் எழுதிய ‘மரங்களை நட்ட மனிதர்’ என்னும் சிறுகதையை அக்கடமையை முன்னிட்டே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

கதை எளியது. தென் பிரான்சின் வறண்ட மலைப்புறத்தில் 1913ஆம் ஆண்டு நடந்து செல்லும் இளைஞன் ஒருவன், எல்ஸியார் பூஃபியே என்னும் ஆட்டிடையரைச் சந்திக்கிறான். மகனையும் மனைவியையும் இழந்து தனித்து வாழும் அவர், ஓக் மரத்தின் விதைகளைப் பொறுக்கியெடுத்து, இரும்புக் கோலால் தரையில் குழியிட்டு ஊன்றி வருகிறார். மூன்றாண்டுகளில் ஒரு லட்சம் விதைகள் ஊன்றியாயிற்று, முளைத்தவை 20,000, அவற்றிலும் பாதி அழிந்துபோகும் என்று அவரே கணக்கிட்டிருக்கிறார். இரண்டு உலகப் போர்கள் வந்து போகின்றன. அவர் பணி நிற்கவில்லை. முடிவில் ஓடைகளில் நீர் திரும்புகிறது. பாழடைந்த ஊர்களில் மக்கள் மீண்டும் குடியேறுகின்றனர்.

ழியோனோவின் நடை அடக்கமானது. அந்த அடக்கமே கதையை உண்மை வரலாறு என்று பலரை நம்ப வைத்தது. பூஃபியே தம் கற்பனை மாந்தரே என்றும், மரங்களின்மீது மக்களுக்கு அன்பு பிறக்க வேண்டும் என்பதே தம் நோக்கம் என்றும் ஆசிரியர் பின்னர் எழுதினார். அந்நோக்கம் நிறைவேறியது என்பதில் நமக்கு ஐயமில்லை.

நம் ஐயம் வேறிடத்தில் எழுகிறது. நிலம் உங்களுடையதா என்று இளைஞன் கேட்கிறான். இல்லை என்கிறார் பூஃபியே. யாருடையது என்பது அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் நாட்டமும் இல்லை. கதை அவ்விடத்தை அவருடைய பெருந்தன்மைக்குச் சான்றாக்கிவிட்டு மேலே செல்கிறது. அப்பகுதியில் கரி சுட்டுப் பிழைக்கும் ஏழைகளோ ஓயாது பகைத்துக்கொள்ளும் மனிதர்களாக மட்டுமே நமக்குக் காட்டப்படுகின்றனர். பின்னர் அரசாங்கம் வந்து, கரி சுடுவதைத் தடை செய்து காட்டைக் காக்கிறது. அந்த ஏழைகளின் அடுப்பு அதன்பின் எவ்வாறு எரிந்தது என்று கதை கேட்கவில்லை. பூஃபியேக்குப் பசித்த பிள்ளைகள் இல்லை. ஆதலால் மரங்களுக்கு ஊறு செய்த தம் ஆடுகளையும் அவரால் விட்டுவிட முடிந்தது. பிள்ளை குட்டிகளோடு இரண்டு காணி நிலத்தை நம்பி வாழும் குடியானவனால் அது இயலுமா?

கற்பனையிடம் பட்டா கேட்கலாமா என்று வாசகர் வினவக்கூடும். கேட்க வேண்டியிருக்கிறது, காரணம் கூறுகிறோம். கதையில் அரசாங்க அதிகாரிகள் பூஃபியேயின் காட்டைப் பார்வையிட வரும் ஆண்டு 1935. மெய்யான வரலாற்றில் அதே 1935ஆம் ஆண்டில், அதே பிரெஞ்சு அரசாங்கம் தன் ஆட்சியிலிருந்த மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஒரு வனச் சட்டம் பிறப்பித்தது. காடுகள் அரசின் ஆளுகைக்குள் சென்றன. தன் வயலில் நிற்கும் மரமேயாயினும், பாதுகாக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்ததாயின், அனுமதியின்றி வெட்டிய குடியானவன் தண்டம் கட்ட நேர்ந்தது. 1960இல் நைஜர் விடுதலை பெற்ற பின்னரும் அம்முறை தொடர்ந்தது. விளைவு யாது? வயலில் தலைகாட்டும் மரக்கன்று குடியானவனுக்குச் செல்வமாகத் தோன்றவில்லை. வனக் காவலரை வீட்டுக்கு அழைத்துவரும் வில்லங்கமாகவே தோன்றியது. களையோடு களையாக அதையும் கிள்ளி எறிந்தான். இதனை அறியாமை என்பதா, கணக்கு என்பதா?

1970களின் தொடக்கத்திலும் 1984இலும் வறட்சி அந்நாட்டை வாட்டியது. ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநரான டோனி ரினாடோ அக்காலத்தில் மராடி வட்டாரத்தில் மரக்கன்றுகள் நட்டு, அவை பட்டுப்போகக் கண்டவர். வயல்களில் புதர் எனக் கிடந்தவை வெட்டுண்ட மரங்களின் உயிருள்ள தூர்கள் என்பதை 1983இல் அவர் உணர்ந்தார். தூரில் வெடிக்கும் தளிர்களில் நல்லனவற்றை விட்டு, ஏனையவற்றைக் கழித்துக் காத்தால் போதும். நட வேண்டியதே இல்லை. பஞ்ச காலத்தில் அவ்வாறு காப்போருக்கு உணவு வழங்கப்பட்டது. பல லட்சம் மரங்கள் எழுந்தன. உணவு வழங்கல் நின்றதும் அவற்றில் பெரும் பகுதியை மக்கள் வெட்டிவிட்டனர்.

கூலி நின்றால் மரமும் நிற்காது என்னும் இப்பாடம் கசப்பானது. எனினும் கதை அதனோடு முடியவில்லை. மரத்தின் பயனைக் கண்ணாரக் கண்டவர்கள் மீண்டும் காக்கத் தொடங்கினர்; அவ்வட்டாரத்தில் வனத்துறையின் கெடுபிடியும் தளர்ந்தது. வெட்டினாலும் விற்றாலும் பயன் தனக்கே என்ற நம்பிக்கை பிறந்தபின் இம்முறை ஊரிலிருந்து ஊருக்கு யாரும் ஏவாமலேயே பரவிற்று. ‘காவோ’ என்று அங்கு வழங்கும் மரம் மழைக்காலத்தில் இலையுதிர்த்து, கோடையில் தழைப்பது. கம்புக்கும் சோளத்துக்கும் நிழல் இடையூறு செய்யாது. உதிர்ந்த இலை நிலத்துக்கு எருவாகும். காய் மாட்டுக்குத் தீனியாகும். சுமார் 50 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் ஏறத்தாழ 20 கோடி மரங்கள் இவ்வாறு எழுந்துள்ளன என்று 2009ஆம் ஆண்டளவில் ஆய்வாளர் மதிப்பிட்டனர். மக்கள் செய்துகாட்டிய பிறகே சட்டம் அவர்களைப் பின்தொடர்ந்தது: 2004இல் புதிய வனச் சட்டமும், 2020இல் குடியானவரின் உரிமையை உறுதிசெய்யும் ஆணையும் வந்தன.

இதனால் வறுமை நீங்கிவிட்டது என்று நாம் கூறவில்லை. நைஜர் இன்னும் மிக ஏழை நாடுகளுள் ஒன்றே. மரம் நிலமுடையவனுக்கு உரியதாகும்போது, நிலமற்ற இடையனும் சுள்ளி பொறுக்கும் பெண்ணும் எங்கே செல்வது என்ற கேள்வியும் எழுகிறது. ஆனால் இது கேட்க வேண்டிய கேள்வி. ழியோனோவின் கதையில் அதற்கு இடமே இல்லை.

பூஃபியேக்கு நிகரான மெய்யான மனிதர் ஒருவர் அண்டை நாடான புர்கினா ஃபாஸோவில் வாழ்ந்தார். 2023இல் மறைந்த மர்ஹூம் யாகூபா ஸவாதோகோ அவர். 1980ஆம் ஆண்டளவில், கோடையிலேயே குழி தோண்டி எருவிட்டு மழைக்குக் காத்திருக்கும் ‘ஸாய்’ என்னும் பழைய முறையைத் திருத்தி, இறுகிய நிலத்தில் தானியமும் காடும் விளைவித்தார். ஊரார் பித்தர் என்றனர். காட்டுக்குத் தீயும் வைத்தனர். 2018இல் ரினாடோவுக்கும் அவருக்கும் ‘மாற்று நோபல்’ எனப்படும் பரிசு கிடைத்தது. ஆனால் அருகிலிருந்த ஊஹிகூயா நகரம் விரிந்தபோது, அவர் வளர்த்த காடு வீட்டுமனைகளாக அளக்கப்படும் நிலை வந்தது. பூஃபியே கேட்க மறுத்த அதே கேள்வி முதுமையில் ஸவாதோகோவின் வாயிலில் வந்து நின்றது.

பாழ்நிலத்தை உயிர்ப்பித்தவனுக்கு அதில் உரிமை உண்டு என்னும் கோட்பாடு நம் ஃபிக்ஹு நூல்களில் ‘இஹ்யாவுல் மவாத்’ என்ற தலைப்பில் விரிவாகப் பேசப்படுவது. ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்றார் இமாம் அபூஹனீஃபா. வேண்டியதில்லை என்றார் இமாம் ஷாஃபிஈ. கருத்து வேறுபட்டனர்; ஆயினும் உழைப்பைப் பேசும் இடத்திலேயே உரிமையையும் பேசினர். அந்தத் தெளிவே இக்கதையில் நாம் காணாதது.

தன்னலமின்மை உயர்ந்த பண்பு. அதை ஒருவர் தம்மிடமே கேட்டுக்கொள்ளலாம். வயிறு நிறைந்தவர், வயிறு காய்ந்தவரிடம் அதைக் கேட்பது முறையாகாது. ழியோனோவின் கதையை நம் பிள்ளைகள் படிக்கட்டும். படித்து மரங்களை நேசிக்கட்டும். படித்து முடித்தபின், அந்த மரம் யாருடையது என்று அவர்கள் ஒரு முறை கேட்கும்படி நாம் பழக்குவோமாக.