ஒரே பாட்டு, இரண்டு மொழி

கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும் பேருந்தில் கரியாலூர் வரை என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள் என் மாணவி. இளங்கலைத் தமிழ், இரண்டாம் ஆண்டு. வளைவுகளில் எனக்குத் தலை சுற்றுவதைப் பார்த்து, தன் இயர்போனில் ஒன்றை என் காதில் செருகிவிட்டாள். ட்வைஸ் குழுவின் பாட்டு. “கொரியன்தானே?” என்றேன், தெரிந்தவள்போல. “இல்ல மேடம், இது ஜப்பான் பாஷையில பாடுனது. கொரியன்ல தனியா இருக்கு.” ஒரே பாட்டை எதற்கு இரண்டு தடவை பாட வேண்டும்? “அவங்க பாஷையில கேட்டாத்தான அவங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்?”

அவள் சொன்னது பாதி. மீதி, கணக்கு. அமெரிக்காவுக்கு அடுத்த பெரிய இசைச் சந்தை ஜப்பான். இன்னும் குறுந்தகடு விலைபோகிற நாடு. ஒன்பது பேர் கொண்ட ட்வைஸில் மோமோ, சானா, மினா மூவரும் ஜப்பானியப் பெண்கள் என்பது தற்செயல் அல்ல. இந்தச் சந்தையைத் திறக்க அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி சிறுமி. 2000இல் கொரியாவில் அறிமுகமானபோது போஆவுக்கு 13 வயது. அடுத்த ஆண்டே ஜப்பானிய மொழியில் பாடினாள். 2002இல் அவளது ஆல்பம் ஜப்பானின் ஓரிகான் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கொரிய அலையின் வெற்றி என்று இதைக் கொண்டாடும் கட்டுரைகளில் குழந்தை உழைப்பு என்ற சொல் என் கண்ணில் படவில்லை.

கேட்டவர்கள் பக்கம் வருவோம். ‘விண்டர் சொனாட்டா’ என்ற கொரியத் தொடர் 2003இலும் 2004இலும் ஜப்பானின் என்எச்கேயில் ஓடியது. நாயகன் பே யோங் ஜூனை “யோன் சாமா” என்று மரியாதை ஒட்டுப் போட்டு அழைத்தார்கள் நடுவயதுப் பெண்கள். 2004 நவம்பரில் அவர் வந்திறங்கியபோது நரிதா விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் நின்றார்கள். வீட்டு வேலை முடித்து, பிள்ளைகளை வளர்த்து முடித்த பெண்கள். கொரிய மொழி வகுப்புகளில் சேர்ந்தார்கள். படப்பிடிப்பு நடந்த ஊர்களுக்குப் பயணம் போனார்கள். 1910 முதல் 1945 வரை தங்கள் நாடு அடிமைப்படுத்தி வைத்திருந்த மக்களின் மொழி அது. அதைப் பாட்டிமார் உட்கார்ந்து படிப்பது சின்ன விஷயமா? ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது கேலி.

நமக்கும் ஜப்பானிய ரசிகர்கள் உண்டு. 1998இல் டோக்கியோவில் ‘முத்து’ மாதக்கணக்கில் ஓடியதை இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். 2023இல் ‘ஜெயிலர்’ பார்க்க ஒசாகாவிலிருந்து ஒரு தம்பதி சென்னை வந்தபோது செய்திகளெல்லாம் பூரித்தன. அடுத்த ஜனவரியில் கரூர் மாவட்டத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மூன்று சிறுமிகள், விசாகப்பட்டினம் போய்க் கப்பலேறி பிடிஎஸ்ஸைப் பார்க்கலாம் என்று கிளம்பி, காட்பாடியில் மீட்கப்பட்டார்கள். அந்த வயதில் தனியே கிளம்பியது ஆபத்துதான், அதில் எனக்கு வேறு கருத்தில்லை. ஆனால் நடிகரைப் பார்க்கக் கடல் தாண்டி வந்தால் அன்பு, கடல் தாண்ட ஆசைப்பட்டால் பைத்தியம் என்று பிரிக்கிற கோடு வயதால் மட்டும் போடப்பட்டதல்ல. வெட்டுப்பட்ட விரலோடு கட்அவுட்டில் ஏறிப் பாலூற்றும் பையனை எந்தக் கல்லூரியிலும் கவுன்சலிங்குக்கு அனுப்பி நான் பார்த்ததில்லை.

இந்த ரசிகைகளைப் புகழ்ந்து முடித்துவிடவும் முடியாது. 2013 ஜனவரியில் டோக்கியோ டோமில் தனிக் கச்சேரி நடத்திய முதல் கொரியப் பெண்கள் குழு காரா. அதன் கூ ஹாராவை முன்னாள் காதலன் அந்தரங்க வீடியோவைக் காட்டி மிரட்டினான். 2019 ஆகஸ்டில் நீதிமன்றம் அவனைச் சிறைக்கு அனுப்பாமல் தண்டனையை நிறுத்திவைத்தது. அந்த நவம்பரில், ஜப்பானில் கச்சேரிகளை முடித்த சில நாளில், 28 வயதில் அவர் இறந்துபோனார். மறு ஆண்டு மேல்முறையீட்டில்தான் அவனுக்கு ஓராண்டுச் சிறை. பொள்ளாச்சி வெளியே வந்ததும் அதே 2019. கைபேசியை வைத்துப் பெண்ணை மடக்குவதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. புகார் கொடுத்தவரையே இணையத்தில் ஏசியவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

ஒரு வருடம் முன்னால், 2018 நவம்பரில், பிடிஎஸ்ஸின் ஜிமின் முன்பொருமுறை போட்டிருந்த டிஷர்ட் பிரச்சினையானது. கொரிய விடுதலைக் கொண்டாட்டத்தோடு அணுகுண்டுப் புகையும் அதில் அச்சாகியிருந்தது. டிவி ஆசாஹி அவர்களது நிகழ்ச்சியை ரத்து செய்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. டோக்கியோ டோம் மட்டும் நிரம்பியது. பல நாட்டு ரசிகைகள் கூடி, காலனியாட்சி, அணுகுண்டில் மாண்ட கொரியர்கள், ஜப்பானியப் படை பாலியல் அடிமைகளாக்கிய பெண்கள் என்று எல்லாவற்றையும் தொகுத்து நீண்ட வெள்ளை அறிக்கை வெளியிட்டார்கள். மாணவி அதை எனக்கு அனுப்பினாள். 1991இல் முதன்முதலாகத் தன் பெயரோடு வெளியே வந்து சாட்சி சொன்ன கிம் ஹாக் சூனைப் பற்றி அவளோடு பேச வைத்தது என் பாடத்திட்டம் அல்ல, ஒரு டிஷர்ட்.

“அந்தப் பாட்டிங்க கேட்டது கிடைச்சுதா மேடம்?” என்று கேட்டாள். 2015இல் இரண்டு அரசுகளும் அவர்களைக் கலக்காமலே ஒப்பந்தம் போட்டதையும், ஜப்பான் கொடுத்த நூறு கோடி யென்னில் கொரியாவில் ஓர் அறக்கட்டளை தொடங்கியதையும், அதைக் கலைக்கப்போவதாகக் கொரிய அரசு அறிவித்தது அந்த டிஷர்ட் மாதத்தில்தான் என்பதையும் சொன்னேன். 1992 ஜனவரியில் ஆரம்பித்த புதன்கிழமைப் போராட்டம் சியோலில் இன்னும் முடியவில்லை என்றேன்.