பதில் சொல்பவளின் மொழி

சமூக மொழியியல் தாளில் ‘இரட்டை வழக்கு’ என்ற பகுதியை நடத்தும் எவரும் சார்லஸ் ஃபெர்குசனைத் தொடாமல் போக முடியாது. அமெரிக்க மொழியியலாளரான அவர் 1959இல் எழுதிய கட்டுரைதான் அந்தப் பகுதிக்கு அடித்தளம். ஒரே மொழியின் இரண்டு வடிவங்கள் ஒரு சமூகத்தில் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு வாழும் நிலையை அது விவரிக்கிறது. அரபு, நவீன கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைட்டியின் கிரியோல் ஆகிய நான்கும் அவருடைய முதன்மைச் சான்றுகள். தன் வரையறைக்குத் தமிழ் கச்சிதமாகப் பொருந்துவதாகவும் சொல்லிவிட்டுப் போகிறார். இரண்டு வடிவங்களுக்கும் அவர் வைத்த பெயர்கள் உயர் வழக்கு, தாழ் வழக்கு.

தாழ் என்பது தன் தீர்ப்பு என்று ஃபெர்குசன் சொல்லவில்லை. உயர் வழக்கே அழகானது, தர்க்கம் உடையது என்று பேசுபவர்கள் நம்புகிறார்கள், சிலர் தாழ் வழக்கு என ஒன்று இருப்பதையே மறுக்கிறார்கள் என்றுதான் பதிவுசெய்கிறார். நம் வகுப்பறைக்கு வரும்போது இந்த நம்பிக்கை உண்மையாகிவிடுகிறது. கரும்பலகையில் இரண்டு கட்டங்கள் வரையப்படும். மேல் கட்டத்தில் எழுத்துத்தமிழ், கீழ்க் கட்டத்தில் பேச்சுத்தமிழ். மாணவிகள் அதை நோட்டில் எழுதிக்கொள்ளும்போதே தங்கள் அம்மாவின் பேச்சு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்கிறார்கள்.

அந்தக் கட்டுரையில் ஓர் அட்டவணை உண்டு. எந்தச் சூழலில் எந்த வழக்கு என்று பன்னிரண்டு சூழல்களைப் பிரித்துக் காட்டுவது. வழிபாட்டிடத்துப் பிரசங்கம், நாடாளுமன்றப் பேச்சு, பல்கலைக்கழக விரிவுரை, தலையங்கம், கவிதை போன்றவை உயர் வழக்கு. குடும்பத்தாரோடும் நண்பரோடும் உரையாடல், வானொலித் தொடர்நாடகம், நாட்டார் இலக்கியம் போன்றவை தாழ் வழக்கு. தாழ் வழக்குப் பக்கத்தில் இன்னொரு வரி இருக்கிறது: வேலையாட்கள், உணவகப் பணியாளர்கள், தொழிலாளர்கள், எழுத்தர்கள் ஆகியோருக்கு இடும் கட்டளை.

கட்டளை இருக்கிறது. கட்டளைக்கு வேலையாள் சொன்ன பதில் அட்டவணையில் இல்லை. வீட்டுக்காரர் பேசுவது ஒரு மொழிச் சூழல். பாத்திரம் தேய்ப்பவள் திருப்பிப் பேசுவது சூழலே இல்லை. சந்தையும் இல்லை. மனிதர்கள் மிக அதிகமாக வாதாடும், பேரம் பேசும், மொழி மாற்றும் இடம் பன்னிரண்டில் ஒன்றாகக்கூட வரவில்லை. பிரசங்கம், நாடாளுமன்றம், விரிவுரை, தலையங்கம் ஆகியவை அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஆண்கள் நின்ற இடங்கள். தாழ் வழக்கை வீட்டுப் பெரியவர்களிடமிருந்தும் உயர் வழக்கைப் பள்ளியிலும் பிள்ளைகள் கற்கிறார்கள் என்று கட்டுரை சொல்கிறது. பேச்சைக் கற்றுக்கொடுக்கிற அம்மாவின் உழைப்பு அதில் இயற்கையாகிவிடுகிறது. பள்ளியின் வேலை மட்டும் கல்வியாகிறது.

இந்த அட்டவணையை ராயபுரத்தில் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு சின்னது என்பது தெரியும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் புறப்பட்டது இங்கிருந்துதான். ரயிலும் துறைமுகமும் ஆலைகளும் மனிதர்களைக் கொண்டுவந்தன, அவர்களோடு மொழிகளும் வந்தன. ஆந்திரத்திலிருந்து வந்து தலைமுறைகளாகத் துப்புரவுப் பணியில் இருக்கும் குடும்பங்களின் வீட்டுமொழி தெலுங்கு. வண்ணாரப்பேட்டை, மண்ணடி முஸ்லிம் தெருக்களில் தமிழோடு தக்கினி உருது. 1910இல் கட்டப்பட்ட பார்சிகளின் அக்கினிக் கோயில் ராயபுரத்தில் இன்றும் இருக்கிறது. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வியாசர்பாடியில். இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் தொழிலாளர்கள்.

காசிமேட்டில் விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். கூடையை ஏலத்தில் எடுத்து, தெருவில் கூறு கட்டி விற்கும் ஒரு பெண் காலை எட்டு மணிக்குள் எத்தனை மொழியைக் கடக்கிறாள் என்று பாருங்கள். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த படகுக்காரரிடம் தெலுங்கு. வஞ்சிரத்தைப் புரட்டிப் பார்க்கும் உருதுக்காரப் பெண்ணிடம் விலையை உருது எண்ணில் சொல்கிறாள். கட்டட வேலைக்குப் போகும் வடநாட்டுப் பையனிடம் நாலு வார்த்தை இந்தி. என்னைப் போன்ற டீச்சரம்மாவிடம் சற்றே தேய்த்து மெருகேற்றிய தமிழ். பக்கத்துக் கடைக்காரியிடம் அவளுடைய சொந்த மொழி. எவரிடம் எதைப் பேசினால் கூறு விலைபோகும் என்ற கணக்கு அவளிடம் இருக்கிறது. அவளைப் படிக்காதவள் என்கிறோம். தமிழும் ஆங்கிலமும் தெரிந்த பட்டதாரியை இருமொழிப் புலமை உடையவர் என்கிறோம்.

அரசின் கணக்கும் இதற்கு உதவுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் என்று 121ஐப் பட்டியலிட்டது. படிவத்தில் தாய்மொழி ஒன்று, தெரிந்த பிற மொழிகள் இரண்டு வரை எழுதலாம். நான்காவது மொழிக்கு இடமில்லை. கணக்கெடுப்பவர் வரும் நேரத்தில் அவள் மீன் விற்கப் போயிருந்தால், அவளுக்கு என்னென்ன மொழி தெரியும் என்பதை வீட்டில் இருக்கும் வேறொருவர் சொல்வார்.

மெட்ராஸ் பாஷையை ‘கொச்சை’ என்று ஒதுக்குபவர்கள் மொழியியல் படித்தவர்களாகவும் இருப்பதுதான் எனக்கு வியப்பு. அதன் விதிகள் மிகத் தெளிவானவை. ‘கொண்டு’ என்ற துணைவினை ‘கினு’ ஆகிறது: சொல்லிக்கொண்டு, சொல்லிகினு. ‘இருக்கிறாள்’ என்பதில் முதல் அசைகள் உதிர்ந்து ‘கீறா’ ஆகிறது. ‘என்னாண்ட’ என்பதற்குள் இருப்பது ‘அண்டை நாடு’ என்று தலையங்கத்தில் வரும் அதே அண்டை. நைனா தெலுங்கு, பேஜாரும் நாஷ்டாவும் உருது, துட்டு டச்சுக்காரர்களின் காசு. ழகரம் இங்கே யகரமாகிறது, குழந்தை ‘கொயந்த’ ஆகிறது. தெற்கே பல ஊர்களில் அதே ழகரம் ளகரமாகிறது. மேடையில் ‘வாளைப்பளம்’ என்ற பேராசிரியரைப் பார்த்து யாரும் முகம் சுளித்து நான் கண்டதில்லை. ‘வாயப்பயம்’ என்ற மாணவியைப் பார்த்து வகுப்பே சிரிக்கும். இரண்டிலும் நடந்தது ஒரே வகை ஒலிமாற்றம். வேறுபாடு ஒலியில் இல்லை, அதைப் பேசும் உடம்பு எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது.

பெண்மொழி குறித்து நாம் படிக்கும் நூல்களும் இவளைத் தவறவிடுகின்றன. ராபின் லேக்காஃப் 1975இல் வெளியிட்ட ‘மொழியும் பெண்ணின் இடமும்’ முக்கியமான நூல். தயக்கம், மிகைப்பணிவு, கேள்வியாக முடியும் வாக்கியம் ஆகியவற்றைப் பெண்களின் பேச்சில் அவர் அடையாளம் கண்டார். தான் சார்ந்த நடுத்தர வர்க்கத்து வெள்ளையினப் பேச்சிலிருந்து அவர் எடுத்த முடிவுகளை அப்படியே நம் தெருவில் வைக்க முடியாது. மீன் விற்பவளின் வாக்கியம் தயங்கினால் அன்றைய முதல் போய்விடும். அவள் உரக்கப் பேசுவது தொழில்திறம். அந்தத் திறமையைத்தான் நம் கல்விக்கூடங்கள் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கின்றன: “இது என்ன க்ளாஸா, மீன் மார்க்கெட்டா?”

இந்த வசையைக் கேட்டபடியே முதுகலை வரை வந்த காசிமேட்டு மாணவி ஒருவர், தன் அம்மாவும் சக வியாபாரிகளும் ஒரு பேரத்துக்குள் எப்படி மொழி மாற்றுகிறார்கள் என்பதைத் திட்டக்கட்டுரைக்கு எடுத்துக்கொண்டார். “மேடம், எங்கம்மா பேசறத எழுதினா அது ஆராய்ச்சி ஆவுமா?” என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார். தரவுகள் நேர்த்தியாக இருந்தன. விளிச்சொல் மாறும் கணத்தில் விலையும் மாறுவதை வரிசைப்படுத்தியிருந்தார். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் முதல் கேள்வியாக, “நீங்களாவது நல்ல தமிழில் பேசக்கூடாதா?” என்றார். அதன் பிறகு அந்தப் பெண் ஒற்றைச் சொல்லில் மட்டும் பதில் சொன்னார். பேச்சைப் பற்றிய ஆய்வுக்குப் பேசியதற்காகவே மதிப்பெண் குறைந்தது.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. ஒரு தலித் பெண் தன் ஊரின் பேச்சிலேயே தன் வாழ்க்கையை எழுத்தாக்கிய நூல். ஃபெர்குசனின் இரண்டு கட்டங்களுக்கு நடுவிலிருந்த கோட்டை அது அழித்தது. இன்று பல இடங்களில் அது பாடநூல். அதைப் பற்றிய பத்து மதிப்பெண் வினாவுக்கு விடையை ‘கருக்கு’ மொழியில் எழுதினால் என்ன மதிப்பெண் கிடைக்கும் என்று ஒவ்வொரு மாணவிக்கும் தெரியும். அந்த மொழியை ரசிக்கலாம், அந்த மொழியில் சிந்தித்துக் காட்டக் கூடாது என்பதே நடைமுறை.

எழுத்துத்தமிழ் வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. இந்தக் கட்டுரையை அதில்தான் எழுதுகிறேன். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு அது வேலைக்கும் அதிகாரத்துக்குமான வழி, அதை மறுப்பதும் அநீதிதான். அதைக் கற்பதற்கு விலையாக அம்மாவின் மொழியைக் கேட்காதீர்கள் என்கிறேன். தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களாக இயற்சொல், திரிசொல், வடசொல்லோடு திசைச்சொல்லையும் ஏற்றது. செய்யுளுக்கே திசைச்சொல் ஆகும் என்றால், வாய்மொழித் தேர்வுக்கு ஏன் ஆகாது?

பாடத்திட்டத்தில் உடனே செய்யக்கூடியவை உண்டு. இரட்டை வழக்கை நடத்தும் வாரத்தில் மாணவிகள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பெண் ஒருவரின் ஒருநாள் மொழிக்கணக்கை எழுதி வரட்டும்: யாரிடம், எந்த மொழியில், எதற்காக. களப்பணியை அடித்தளமாகக் கொண்ட ஆய்வுகளில் வாய்மொழித் தேர்வை மாணவி தன் வழக்கில் எதிர்கொள்ளலாம் என்று விதியில் எழுதி வைக்கட்டும். அந்த 1959 அட்டவணையைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், கட்டளை என்ற வரிக்குக் கீழே ‘பதில்’ என்று ஒரு வரி சேர்த்து, அதை நிரப்பும் வேலையை வகுப்பிடம் விடட்டும். எங்கள் பக்கத்து மாணவிகளுக்கு அதற்கான தரவு வீட்டிலேயே இருக்கிறது.