நட்டவர் பெயர்

ராப் பாடலொன்றைப் பற்றி இவ்விதழில் எழுதப் புகுவது வாசக அன்பர்கள் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். அது வெறும் கூச்சல் என்றும், இளையோரின் செவியைக் கெடுப்பது என்றும் நம் வீட்டுப் பெரியோர் கருதுவதை நாம் அறிவோம். ஆயினும் ஒரு கலையைக் கொள்ளுவதற்கும் தள்ளுவதற்கும் முன்னர் அதன் சொல்லைச் செவிமடுத்தல் முறையாகும். அவ்வகையில் 2021 மார்ச் 7ஆம் நாள் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ என்னும் தனிப்பாடலை ஈண்டு ஆராய்வோம். பந்தலூரில் வாழும் நாம் இப்பாடலைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணமும் உண்டு.

1973இல் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், வறுமையில் உழன்ற கறுப்பின மக்களின் தெருக்களில் தோன்றியது ஹிப் ஹாப். அதன் சொற்கிளையே ராப். தாளத்தின்மேல் எதுகையும் இயைபும் பட விரைந்துரைப்பதே அதன் இலக்கணம். பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட இந்நிலை அரபு இலக்கியம் கற்றோர்க்குப் புதிதன்று. ‘சஜ்உ’ என்னும் இயைபு உரைநடையும், போர்க்களத்தில் நின்று முழங்கிய ‘ரஜஸ்’ பாக்களும் அத்தன்மையனவே. உமையாக்கள் காலத்தில் ஜரீரும் ஃபரஸ்தக்கும் ஒருவரையொருவர் சாடிப் பாடிய பாக்களைப் பயின்றவர், இன்றைய ராப் போட்டிகளைக் கண்டு மருளமாட்டார்.

இனிப் பாடலுக்கு வருவோம். இதன் வரிகளை யாத்தவர் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு. 2017இல் உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழுவில் பாடிப் புகழ் பெற்றவர். அவரோடு இணைந்து பாடியவர் தீ. இசைப்பொறுப்பு சந்தோஷ் நாராயணனுடையது. அறிவின் பாட்டியார் வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். அம்மூதாட்டியின் வாழ்வே இப்பாடலின் விதை.

தலைப்பிலுள்ள ‘எஞ்சாமி’ என்னும் சொல்லை நோக்குக. ‘என் சாமி’ என்பது நாட்டுப்புறத்தில் பாட்டி பேரனைக் கொஞ்சும் சொல். அதே ‘சாமி’தான் நிலமற்ற கூலியாள் நிலக்கிழார் முன் கைகட்டி நின்று சொல்லும் சொல்லும் ஆகும். அன்பும் அடிமைத்தனமும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. பாடலோ அச்சொல்லைப் பண்ணையாரிடமிருந்து மீட்டுப் பேரனுக்கே உரிமையாக்குகிறது. ஆறும் குளமும் மனிதர்க்கு மட்டுமன்றிப் பறவைக்கும் விலங்கிற்கும் பொது என்று மூதாதையர் நிலத்தைப் பாடிவந்து, தோட்டம் செழித்தும் அதை வளர்த்தவரின் தாகம் தணியாத முரணில் நெஞ்சைச் சுடுகிறது. அவ்விடத்தில் ராப் ஒப்பாரியாகிறது.

அந்தத் தாகம் எத்தகையது என்பதைப் பந்தலூர் அறியும். இலங்கை மலைகளைக் காப்பிக்கும் தேயிலைக்கும் பண்படுத்திய தமிழரில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோர் ஆக்கிற்று. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தளித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பாகப்பிரிவினையில் பாத்திரம் பண்டங்களைப் பிரிப்பது போல் மக்கள் பிரிக்கப்பட்டனர். அவ்வாறு தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்கென 1968 முதல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் வளர்த்தவையே இன்றைய டான்டீ தோட்டங்கள். சேரம்பாடியிலும் சேரங்கோட்டிலும் கொளப்பள்ளியிலும் கொழுந்து பறித்தோர் அவர்களே. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை ஓய்ந்தால் வீட்டுக் கவலை தொடங்கும். இரு நாட்டு மலைகளில் செடி வளர்த்தும் சொந்தமென ஒரு பிடி மண் இல்லாதோர் அவர்களுள் பலர்.

அரபு நாட்டுப் பெண்பாற் புலவர் கன்ஸா, மாண்ட தம் தமையன் ஸக்ரைப் பாடிய இரங்கற்பாக்களால் அவன் பெயர் பதினான்கு நூற்றாண்டாக நிற்கிறது. ஒப்பாரியின் முதற்பணி பெயரை நிறுத்துதல். இவ்வளவுகோலால் அளந்தால் இப்பாடலில் ஒரு குறை தென்படுகிறது. துள்ளும் தாளமும் மகிழ அழைக்கும் பல்லவியும் துயரத்தை விரைந்து மூடிவிடுகின்றன. யூடியூபில் 40 கோடி முறைக்குமேல் இது பார்க்கப்பட்டுள்ளது. தலைமன்னார்க் கப்பலையோ மண்டபம் முகாமையோ நினைந்தவர் அவருள் எத்தனை பேர்? வரலாற்றைச் சுட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்திருப்பின் ஆடியோர் சற்றே நின்றிருப்பர். துயரைச் சுமந்து ஆடுதலும் உழைப்போர் மரபே என்று மறுப்பாரும் உளர். அவர் கூற்றிலும் உண்மையுண்டு.

பாடலுக்கு நேர்ந்த கதையோ பாடலின் பொருளையே ஒத்துள்ளது. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயின் படம் இடம்பெற, அறிவின் படம் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் முதலானோர் கண்டித்தனர். 2022 ஜூலையில் சென்னை சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாடல் ஒலித்தது. ஆக்கத்தில் தம் பங்கினை அறிவு எடுத்துரைக்க, சந்தோஷ் நாராயணனும் தீயும் தத்தம் பங்கினை விளக்கினர். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே, இப்பாடலால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். கலைஞர்க்குள் யார் பங்கு எத்துணை என்று தீர்ப்பளிக்க நாம் நடுவரல்லர். ஆயின் நட்டவர் கை வெறுங்கையாதல் தேயிலைக்கு மட்டும் உரிய விதியன்று என்பது தெளிவாகிறது. எழுதியவர் பெயரை முன்னிறுத்தி அவர்க்குரியதை அளிப்பது, கேட்டு மகிழ்வோரும் கேட்டு வாங்க வேண்டிய நியாயம்.

ஆதலின் பெற்றோர்க்கு நாம் கூறுவது ஒன்று. பிள்ளைகள் இப்பாடலைக் கேட்கையில் கடிந்து நிறுத்தற்க. அருகமர்ந்து, பாடலில் வரும் பாட்டி யார், எம்மலையில் உழைத்தார், ஏன் திரும்பினார் என்று எடுத்துச் சொல்லுக. நம் மலையில் அவ்வினாவுக்கு விடை சொல்லவல்ல மூதாட்டியர் இன்னும் சிலர் உளர். அவர்களிடம் பிள்ளைகளை அழைத்துச் செல்வதற்கு இப்பாடல் ஒரு வழியாகுமாயின், அதன் குறையைப் பெரிதாக எண்ணவேண்டுவதில்லை.